இடது மரை

"அவனுக்கு மரை கழண்டு போச்சு" என்றால் நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் புரியும். நட்டு, போல்ட்டு, மரை என்று இரும்புக் கடையில் புழங்கும் சொற்கள் எப்படியோ மனிதனின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. மண்டையில் மரை கழன்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஓடுகிற காரின் சக்கரத்தில் கழன்றால் சிரிக்க முடியாது.

கார் வைத்திருக்கும் நண்பர்கள் எஞ்சின் ஆயில் பற்றிப் பேசுவார்கள், மைலேஜ் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நான்கைந்து நட்டுகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த நட்டு தானாகக் கழலாமல் இருக்க என்ன செய்வது என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் பல தேசத்துப் பொறியாளர்கள் யோசித்திருக்கிறார்கள். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இடது மரை. எல்லா நட்டும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இது மட்டும் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். இன்றைய பிள்ளைகளில் பலர் காரில் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மாட்டு வண்டியில் இந்தத் தொல்லைக்கே இடமில்லை. இருசின் முனையில் ஒரு துளை, துளையில் கடையாணி. சக்கரம் இருசின் மேல் தளர்வாகச் சுற்றும். அது வெளியே வந்துவிடாமல் ஆணி மறித்து நிற்கும், அவ்வளவுதான். திருக்குறளிலேயே தேரின் அச்சாணி வந்துவிடுகிறது என்றால் எவ்வளவு பழைய ஏற்பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையாணியை இறுக்க வேண்டியதில்லை, அது அங்கே இருந்தால் போதும். வண்டிக்காரர் கிளம்பும் முன் குனிந்து பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். நட்டு அப்படியில்லை. இறுகிய நட்டும் தளர்ந்த நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் வந்த அத்தனை வம்புக்கும் அதுதான் மூலம்.

ஆரம்பகால மோட்டார் கார்களில் சக்கரத்தைக் கழற்றும் வழக்கமே இல்லை. மரச் சக்கரம், அது வண்டியோடு வண்டியாக இருக்கும். டயர் பஞ்சரானால் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே டயரை மட்டும் நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப்போட்டு, மறுபடி மாட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சாலைகளில் குதிரை லாடத்து ஆணிகள் எங்கும் சிந்திக் கிடக்கும். ஒரு பயணத்தில் நாலு பஞ்சர் என்றால் அது நல்ல பயணம்.

1904இல் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் என்னும் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயருடன், ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்விப் பிடிக்க வைத்து, வீடு போய்ச் சேரும் வரை ஓட்டிவிடலாம். அவர்களின் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. நம் ஊர் டிரைவர் இன்றைக்கும் "ஸ்டெப்னியில காத்து இருக்கா பாரு" என்று சொல்கிறாரே, அந்த ஸ்டெப்னி இதுதான். இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நாமும் பிரேசில்காரர்களும் மால்டாக்காரர்களும் விடாமல் வைத்திருக்கிறோம்.

சக்கரத்தையே, அல்லது அதன் வெளி வளையத்தையாவது, கழற்றி மாட்டலாம் என்று உலகத்துக்கு உறைக்கச் செய்தது பந்தயம்தான். 1906இல் பிரான்சில் லெ மான் அருகே நடந்த முதல் கிராண்ட் பிரீயில் ரெனோ காரை ஓட்டி வென்றவர் ஹங்கேரியில் பிறந்த பெரென்ஸ் சிஸ். அவருடைய காரில் மிச்செலின் கம்பெனியின் கழற்றும் வளையங்கள் இருந்தன. நட்டுகளைக் கழற்றி, பழைய டயரை வளையத்தோடு எடுத்து எறிந்து, காற்றடித்துத் தயாராக இருக்கும் புது வளையத்தை மாட்டினால் சில நிமிடங்களில் முடிந்தது. அந்த வளையம் இல்லாதவர்கள் டயரைக் கத்தியால் அறுத்து எடுத்துக் கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பந்தயத்தில் சுமார் அரை மணி நேர வித்தியாசத்தில் வெற்றி.

இதையடுத்து இங்கிலாந்தின் ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி ஒரு படி மேலே போனது. சைக்கிள் செய்து பழகிய கம்பெனி அது. முழுக் கம்பிச் சக்கரத்தையும் ஒரே ஒரு பெரிய நட்டால் நடுவில் பிடிக்க வைத்தார்கள். 1908 கிராண்ட் பிரீக்கு நேப்பியர் கார்கள் இந்தச் சக்கரத்தோடு வரப் பார்த்தன. இது நியாயமில்லாத அனுகூலம் என்று பிரெஞ்சு கிளப் தடை போட்டது. நேப்பியர் கோஷ்டி கோபித்துக்கொண்டு பந்தயத்துக்கே வரவில்லை. தடை போடும் அளவுக்கு நல்ல சரக்கு என்பதைவிட வேறு விளம்பரம் எதற்கு?

அந்த நடு நட்டில் இரண்டு காதுகள் இருக்கும். செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் காதில் தட்டினால் இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழலும். பழைய எம்.ஜி., ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் கார்களில் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பார்த்தால் அந்த நட்டின் மேல் அம்புக்குறி இருக்கும். இடச் சக்கரத்தில் ஒரு திசை, வலச் சக்கரத்தில் நேர் எதிர்த் திசை. காரின் இடப்பக்கம் சாதாரண வலது மரை, வலப்பக்கம் இடது மரை. பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் நட்டு தானாகக் கழன்றுவிடும் என்று கையேடுகள் எச்சரித்தன. இந்தக் காதுகளால் நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து என்று 1968 முதல் அமெரிக்காவில் தடை வந்தது. பிறகு அங்கே போன கார்களில் காதில்லாத நட்டுதான்.

இரும்புத் தகட்டில் அழுத்தி எடுத்த சக்கரம் வந்தபின் நடு நட்டின் இடத்தை நான்கைந்து சிறிய நட்டுகள் பிடித்துக்கொண்டன. நாம் இன்று காண்பது அதுதான். ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் சொருகி, கூம்பு முனை கொண்ட நட்டை முறுக்குவோம். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ கார்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரையும் வலப்பக்கத்துக்கு வலது மரையும் வைத்தது. 1970களின் தொடக்கம் வரை இந்த வழக்கம் நீடித்தது. இங்கிலாந்து லாரிகளிலும் இதே ஏற்பாடு.

கவனித்தீர்களா? ரட்ஜ் நட்டில் இடது மரை காரின் வலப்பக்கம். கிரைஸ்லர் நட்டில் இடது மரை காரின் இடப்பக்கம். ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஆனால் இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றே: வண்டி ஓட ஓட நட்டு இறுக வேண்டும். இருவரில் யாரோ ஒருவர் தப்பாகத்தானே சொல்லியிருக்க வேண்டும்? இல்லை, இருவரும் சரி. அந்தப் புதிருக்கு வருமுன் நம் ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம்.

பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் கிரைஸ்லர் வண்டிகளைப் பூட்டி விற்றது. டாட்ஜும் பிளைமவுத்தும் ஃபார்கோ லாரியும் அப்படித்தான் நம் சாலைகளுக்கு வந்தன, இடது மரையும் கூடவே வந்தது. ஸ்டட்டின் முனையில் ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருக்கும். ஆனால் பத்து வருஷச் சேறும் துருவும் ஏறிய பின் அந்த எழுத்தை யார் பார்ப்பது? நான் சிறுவனாக வேடிக்கை பார்த்து நின்ற ஒரு பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இடப்பக்கச் சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து மேஸ்திரி ஓடி வந்தார்.

"டேய், எறங்குடா! அந்தப் பக்கம் உல்டா மரை. நீ கழட்டல, இறுக்கிக்கிட்டு இருக்க!"

"எல்லா வண்டியிலயும் இப்படித்தானேண்ணே சுத்துவோம்?"

"இது எல்லா வண்டி இல்லடா. முன்னால ஓடுற பக்கம் சுத்துனா இறுகும், பின்னால ஓடுற பக்கம் சுத்துனா கழலும். ரெண்டு பக்கத்துக்கும் இதான் கணக்கு."

அவர் சொன்ன அந்தக் கணக்கைவிடச் சுருக்கமாக இதைச் சொன்ன புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. அமெரிக்காவிலும் இதே குழப்பத்தில் எத்தனையோ ஸ்டட்டுகள் முறிந்தன. இடது மரையின் பெரிய எதிரி, அதை அறியாத கைதான்.

இப்போது புதிர். வீட்டில் ஒரு வளையலும் ஒரு ரூபாய்க் காசும் இருந்தால் செய்து பாருங்கள். வளையலை மேஜைமேல் படுக்க வைத்து, அதற்குள் காசைப் போட்டு, காசின் விளிம்பு வளையலின் உள்விளிம்பைத் தொட்டபடி வழுக்காமல் உருட்டுங்கள். காசு வளையலைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் போனால், காசு தன்னைத்தானே சுற்றுவது அதற்கு எதிர்த் திசையில் இருக்கும். காசில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டே உருட்டினால் தெரியும்.

காரின் நட்டு அந்தக் காசு. சக்கரத்தில் உள்ள கூம்புத் துளை அந்த வளையல். காரின் எடை எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகிறது. ஆனால் சக்கரம் சுற்றுகிறது. ஆகவே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் எறும்பின் பார்வையில், அந்த அழுத்தம்தான் சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றி வருகிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அது துளையின் உள்விளிம்பில் துளித்துளியாக உருளத் தொடங்கும். எதிர்த் திசைக்கு எதிர்த் திசை என்றால் சக்கரம் ஓடும் திசையே. ஆக, தளர்ந்த நட்டு சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையிலேயே தானும் சுற்றப் பார்க்கும். வலப்பக்கச் சக்கரத்தில் அது சாதாரண மரையை இறுக்கும் திசை. இடப்பக்கத்தில் கழற்றும் திசை. அதனால்தான் இடப்பக்கத்துக்கு இடது மரை.

ரட்ஜ் நட்டில் நிலைமை தலைகீழ். அங்கே நட்டு சக்கர ஹப்பின் கூம்புக்கு வெளியே, அதை மூடியபடி உட்காருகிறது. நட்டு வளையல், ஹப் காசு. ஒரு விரலை நீட்டி அதில் வளையலைப் போட்டுச் சுற்றுங்கள். தொடும் இடம் எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில்தான் வளையலும் மெல்லத் திரும்பும். ஆகவே அங்கே மரையும் மாறிவிட்டது. உள்ளே உட்காருவதா வெளியே உட்காருவதா என்ற ஒரே வித்தியாசம்தான் இடத்தை வலமாக்குகிறது.

இதில் நம் எல்லோருக்கும் பழக்கமான உதாரணம் சைக்கிள். இடப் பெடலுக்கு இடது மரை, வலப் பெடலுக்கு வலது மரை. பெடலின் பேரிங் இழுக்கும் இழுப்பைத் தடுக்கத்தான் அப்படி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பேரிங்கின் இழுப்பு பெடலைக் கழற்றும் திசையில்தான் வேலை செய்கிறது. அதைவிடப் பல மடங்கு வலுவாக இந்த உருளல் எதிர்த் திசையில் இறுக்குவதால் பெடல் நிற்கிறது.

இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கார்க்காரர்கள் ஏன் கைவிட்டார்கள்? இரண்டு வகை ஸ்டட், இரண்டு வகை நட்டு, இரண்டுக்கும் தனித்தனி இருப்பு, அத்தோடு மேலே சொன்ன முறிவுகள். செலவுக் கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நியாயமான வாதம் ஒன்றும் இருந்தது: நட்டு உருள வேண்டுமானால் முதலில் அது தளர்ந்திருக்க வேண்டும். சரியாக இறுக்கிய நட்டு உருளவே உருளாது. அப்படியிருக்க எந்த மரையாக இருந்தால் என்ன?

இறுக்குவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று பலரும் யோசிப்பதில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஒரு ரப்பர் போல மிக நுண்ணிய அளவு நீளுகிறது. அது சுருங்கப் பார்க்கும் வலுதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. நாம் கையால் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த நீட்டலுக்குப் போகிறது. மீதி எல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே கரைந்துவிடும். அப்படியும் என்ன வலு தெரியுமா? 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு நட்டு ஏறக்குறைய 4 டன் பிடிக்கிறது. நாலு நட்டுக்கு 16 டன். ஒரு டன் எடையுள்ள காரின் ஒரு சக்கரத்துக்கு! காரைச் சுமப்பது ஸ்டட்டின் தண்டு அல்ல. சக்கரமும் ஹப்பும் நெருக்கி அழுந்தியிருப்பதால் வரும் உராய்வுதான் சுமக்கிறது. அந்த நெருக்கம் குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை வழுக்கும். வழுக்கினால் நட்டு உருளும். நட்டு உருண்டால் நெருக்கம் இன்னும் குறையும். பிறகு எல்லாம் வேகமாக நடக்கும்.

இந்த 'மயிரிழை வழுக்கல்'தான் குற்றவாளி என்று ஆதாரத்தோடு காட்டியவர் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1969இல் வெளிவந்தது அவர் கட்டுரை. அதற்கு முன் எல்லோரும் 'அதிர்வு, அதிர்வு' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போல்ட்டின் நீளவாக்கில் இழுத்து விடுவதைவிட, குறுக்குவாக்கில் ஆட்டுவதுதான் நட்டை முழுதாகக் கழற்றிவிடும் என்று அவர் ஓர் இயந்திரம் கட்டி நிரூபித்தார். அந்த இயந்திரத்தில் நம் பட்டறைகளின் செல்லப் பிள்ளையான ஸ்பிரிங் வாஷர் படு மோசமாகத் தோற்றது. இன்றும் ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டுத் திருப்தியோடு தலையாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பழக்கம் லேசில் போகாது.

கார்களில் வலது மரைக்கு மாறியதால் பெரிய கெடுதல் ஒன்றும் நேரவில்லை. லாரிகளில் அப்படிச் சொல்ல முடியாது.

லாரியின் பின்பக்கம் இரட்டைச் சக்கரம். அமெரிக்காவின் பட் கம்பெனி பெயரால் வழங்கிய பழைய முறையில் உள் சக்கரத்துக்கு ஒரு குழல் நட்டு. அந்தக் குழலின் வெளிப்புறத்திலும் மரை இருக்கும், அதன்மேல் வெளிச் சக்கரத்தின் நட்டு ஏறும். இதிலும் இடப்பக்கம் இடது மரைதான். உள் நட்டு தளர்ந்தால் வெளியே தெரியாது. வெளி நட்டைத் தளர்த்தாமல் உள் நட்டைத் தொடவும் முடியாது. அவசரத்தில் வெளி நட்டை மட்டும் முறுக்கிவிட்டுப் போகிற ஆளுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். இந்தத் தலைவலிக்காகவே ஹப்பின் நடுவிலேயே சக்கரம் பொருந்தி உட்காருகிற புது முறை வந்தது. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே நட்டு, அடியில் தட்டை வாஷர், இரண்டு பக்கமும் வலது மரை.

நல்ல முறைதான். ஆனால் இங்கிலாந்தில் இந்த முறை பரவிய 1980களில் லாரிச் சக்கரங்கள் கழன்று ஓடுவது பெரிய பேச்சானது. கழன்றவற்றில் பெரும்பாலானவை இடப்பக்கப் பின் சக்கரங்கள். வளையலும் காசும் நினைவிருக்கிறதல்லவா? அங்கே இடப்பக்கம் சாலை ஓரம் என்பதால் குழி, மேடு, எடைச் சாய்வு என்று வேறு காரணங்களும் சொன்னார்கள், அவையும் உண்மைதான். 2006இல் அந்நாட்டுப் போக்குவரத்து ஆய்வுக்கூடம் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 150 முதல் 400 கனரக வாகனச் சக்கரங்கள் கழல்வதாகவும், அதனால் 3 முதல் 7 விபத்துகள் உயிரைக் குடிப்பதாகவும் மதிப்பிட்டது. எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். டயரோடு சேர்ந்து 100 கிலோ வரும் ஒரு லாரிச் சக்கரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக உருண்டு வருவதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அதற்கு பிரேக் கிடையாது, ஹாரன் கிடையாது. தடுப்புச் சுவரில் மோதினால் துள்ளி எதிர்ப்பக்கச் சாலைக்குப் போகும்.

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது அதுதான். நம்மில் பலருக்கு டொரன்டோவில் பிள்ளைகளோ உறவினர்களோ இருக்கிறார்கள், அந்த நெடுஞ்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1995இல் சில மாத இடைவெளியில், லாரியிலிருந்து கழன்ற சக்கரங்கள் மோதி இருவர் இறந்தார்கள். தங்கள் காரில், தங்கள் வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள். ஊரே கொதித்தது. விசாரணை நடந்தது. 1997இல் மாகாண அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: கனரக வாகனத்தின் சக்கரம் ஓட்டத்தில் கழன்றால், உரிமையாளருக்கும் இயக்குபவருக்கும் 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம்.

அபராதத்தைவிடக் கடுமையானது அதன் இன்னொரு விதி. "நான் எல்லாக் கவனமும் எடுத்துக்கொண்டேன், ஆனாலும் கழன்றுவிட்டது" என்று வழக்கில் சொல்ல முடியாது. கழன்றால் குற்றம், அவ்வளவுதான். லாரி கம்பெனிகள் இது அநியாயம் என்று வழக்குப் போட்டன. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. முழுக் கவனத்தோடு இருந்தவனையும் தண்டிக்கிற சட்டம் நியாயமா என்று நானும் யோசித்ததுண்டு. ஆனால் இடது மரையை எடுத்துவிட்ட பிறகு நட்டைக் காப்பது மனிதனின் கையும் கண்ணும் மட்டும்தான். அந்தக் கை திரும்ப வந்து தொட்டுப் பார்த்ததா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வழியில்லை. சட்டம் அந்தக் கேள்வியையே கேட்காமல் விட்டுவிட்டது. எனக்கு அது புரிகிறது, முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

'திரும்ப வந்து' என்று சொன்னேன். அதில்தான் விஷயம் இருக்கிறது. சக்கரத்தை மாட்டி எவ்வளவு சரியாக முறுக்கினாலும், முதல் சில கிலோமீட்டர்களில் அந்த இறுக்கம் கொஞ்சம் குறையும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே சிக்கிய துரு, மண், புதிதாக அடித்த பெயின்ட் எல்லாம் அழுந்தி நசுங்கும். தாள் தடிமன் பெயின்ட் நசுங்கினால்கூடப் போதும், ரப்பர் போல நீண்டிருந்த ஸ்டட் தளர்ந்துவிடும். ஏனென்றால் அது நீண்டிருந்ததே அதைவிடக் கொஞ்சம்தான். அதனால்தான் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். பஞ்சர் கடையில் சக்கரம் மாட்டிய எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? அலாய் சக்கரம் மாற்றியவர்கள் இன்னும் கட்டாயம் பார்க்க வேண்டும். அதோடு நட்டின் கூம்பும் சக்கரத்தின் துளையும் ஒரே வடிவம்தானா என்றும் பார்க்க வேண்டும். உருண்டை முனை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் ஒரு கோட்டளவு இடத்தில்தான் தொடும்.

தளர்வு ஒரு பயம் என்றால் அளவுக்கு மீறிய இறுக்கம் இன்னொன்று. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் சுமார் 275 நியூட்டன் மீட்டர். ஒரு சாதாரணக் காருக்குத் தேவையானதில் இரண்டரை மடங்குக்கு மேல். ஸ்டட் ரப்பர் தன்மையை இழந்து மெழுகு போல நீண்டுவிடும். அதன்பின் அது பிடிக்காது, ஒருநாள் முறியும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று அடிக்கும் கடைகளிலும் இதே கதைதான். மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து அதே முறுக்கில் ஸ்டட் இன்னும் அதிகம் நீளும். ஆகவே காரின் கையேடு சொல்லாதவரை தடவ வேண்டாம். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை 1918இல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் கண்டுபிடித்தார். தெருவுக்கு அடியில் போகும் குழாய்களின் போல்ட்டை ஆட்கள் ஓவராக முறுக்கி முறிப்பதைத் தாங்க முடியாமல் செய்தது. இன்று அது நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது, ஒரு நல்ல டயரின் விலைகூட இல்லை. எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, முதலில் பாதி, பிறகு முழுதாக முறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றி வந்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும்.

ஓட்டும்போது தளர்வு தெரியுமா என்று கேட்பார்கள். மெதுவாகப் போகும்போது 'டக்... டக்...' என்று சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்து வரும் சத்தம், வேகம் கூடினால் ஸ்டியரிங்கில் ஆட்டம். வீல் கப் மூடியிருக்கும் வண்டியில், கழன்ற நட்டு உள்ளேயே விழுந்து கலகலவென்று ஓசை எழுப்பும். பழைய டிரைவர்கள் அந்த ஓசைக்குச் சட்டென்று ஓரங்கட்டுவார்கள். இப்போது ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டும் வைத்துவிடுகிறோம்.

சில வருஷங்களாக பஸ்களிலும் லாரிகளிலும் நட்டுகளின் மேல் மஞ்சள் நிற பிளாஸ்டிக் அம்புகளைப் பார்க்கிறேன். இங்கிலாந்தில் இது மிகவும் சாதாரணம். ஒவ்வொரு நட்டின் மேலும் ஒன்று. பக்கத்துப் பக்கத்து அம்புகள் முனையோடு முனை பார்த்திருக்கும்படி செருகி வைக்கிறார்கள். ஒரு நட்டு கொஞ்சம் திரும்பினாலும் அதன் அம்பு வரிசை தப்பி நிற்கும். நட்டை அது பிடித்து வைப்பதில்லை, திரும்பியதைக் காட்டிக் கொடுக்கிறது. டிரைவர் டீ குடித்துவிட்டு வரும்போது வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், பழைய வண்டிக்காரர் குனிந்து கடையாணியைப் பார்த்த மாதிரி. காருக்கு இது வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கூட வேண்டாம். நட்டிலிருந்து சக்கரம் வரை தொடும்படி வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தால் போதும். என் காரின் நான்கு சக்கரத்திலும் அந்தக் கோடு இருக்கிறது. ஒவ்வொரு முறை சக்கரம் கழற்றி மாட்டியபின், நூறு கிலோமீட்டர் ஓடி மறுபடி முறுக்கிவிட்டு, பழைய கோட்டைத் துடைத்துப் புதிதாக இழுத்துக்கொள்கிறேன்.